‘ஹெச்.சி.வி. ரியாக்டிவ்’ என்று வந்திருக்கிறது: எங்கே போவது, யாரைக் கேட்பது?

நீங்கள் கேட்டது இது: வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறீர்கள். கணவருக்கு 52 வயது. சர்க்கரைக்கும் கேஸுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘ஆன்டி ஹெச்.சி.வி. ரியாக்டிவ்’ என்று வந்ததால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்று முதல் வீட்டில் அவருடைய தட்டும் டம்ளரும் தனியாக இருக்கின்றன. விவரம் யாரிடம் கேட்பது, எங்கே போவது, எதை நம்புவது என்று தெரியவில்லை.

முதல் வேலையாக அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய அலமாரியிலேயே வையுங்கள். ஹெச்.சி.வி. என்பது ஹெபடைடிஸ் சி கிருமியின் சுருக்கப் பெயர். ஹெபடைடிஸ் சி, ரத்தத்தின் வழியாகப் பரவும் கல்லீரல் நோய். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துவது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது, இருமல், தும்மல், கொசுக்கடி இவை எதனாலும் பரவாது. தனியாக வைக்க வேண்டியவை வேறு: ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் குத்தூசி. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலான வீடுகளில் கவனிப்பதே இல்லை. மாமியாருக்கும் மகனுக்கும் ஒரே பேனாவில் ஊசியை மாற்றாமல் குத்துகிற வழக்கம் நம்மிடம் சர்வசாதாரணம். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அவருக்குக் காயம் பட்டுத் தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி பல நாள் உயிரோடு இருக்கும்.

கணவன் மனைவி உறவில் இது தொற்றுவது மிக அபூர்வம். இருந்தாலும் நீங்கள் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பிள்ளைகளுக்கு அப்பாவிடமிருந்து பிறப்பு வழியாக வராது. தாய்க்கு இருந்தால்தான் அந்தக் கேள்வி எழும். அப்போதும் நூறில் ஐந்தாறு குழந்தைகளுக்குத்தான் தொற்றுகிறது.

இப்போது அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். ‘ஆன்டி’ என்றால் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். ‘ரியாக்டிவ்’ என்றால் அது ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அவருடைய உடம்பு எப்போதோ ஒரு காலத்தில் இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் அது தானாகப் போய்விடுகிறது. ஆனால் எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் தங்கிவிடும். எனவே நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது ‘ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ.’ என்ற அடுத்த பரிசோதனைதான். ‘வைரல் லோடு’ என்றும் சொல்வார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் அவருக்கு இப்போது ஹெபடைடிஸ் சி இல்லை. சிகிச்சையும் தேவையில்லை. எண் வந்தால் கிருமி இருக்கிறது. அந்த எண் லட்சக்கணக்கில் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வைரல் லோடு அதிகம் என்றால் கல்லீரல் அதிகமாகக் கெட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. பத்தாயிரமோ பத்து லட்சமோ, பெரும்பாலும் ஒரே மருந்துதான், ஒரே காலம்தான்.

இந்த இரண்டு பரிசோதனைகளுக்கும் நடுவில்தான் பலர் காணாமல் போகிறார்கள். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறிப்போய், யாரோ சொன்னார்கள் என்று கீழாநெல்லிச் சாறு குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அல்லது உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இந்த நோய்க்குப் பெரும்பாலும் மஞ்சள் காமாலை வராது, வலி இருக்காது. 20, 30 வருடம் சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கிக்கொண்டே போகும். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துத் தெரியவரும்போது ‘சிரோசிஸ்’ என்கிற கல்லீரல் சுருக்கம் முற்றியிருக்கும். அவருக்கு ஆபரேஷனுக்கு முன்பே தற்செயலாகத் தெரிந்தது உண்மையில் நல்லதே.

எங்கே போவது? மத்திய அரசு 2018 ஜூலை 28 அன்று, உலக ஹெபடைடிஸ் தினத்தில், தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆர்.என்.ஏ. பரிசோதனையும் மாத்திரையும் இந்தத் திட்டத்தில் இலவசம். சென்னையில் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இவை மூன்றும் உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். நீங்கள் கேட்க வேண்டிய துறையின் பெயர் ‘மெடிக்கல் கேஸ்ட்ரோஎன்டராலஜி’, அதாவது குடல், கல்லீரல் நோய்களைப் பார்க்கும் பிரிவு. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ‘வயிற்று டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் பொது மருத்துவத்துக்கோ அறுவை சிகிச்சைப் பிரிவுக்கோ அனுப்பிவிடலாம். காலைப் பொழுது அங்கேயே போய்விடும். ‘ஹெச்.சி.வி. பாசிட்டிவ், ஹெபடைடிஸ் திட்டத்தில் பதிவு செய்ய வேண்டும்’ என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன் போன் செய்துவிடுங்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-11-6666. தமிழக சுகாதாரத் துறையின் 104 எண்ணில் தமிழில் பேசலாம். இரண்டு கேள்வி போதும்: எந்த மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் சிகிச்சை மையம் இயங்குகிறது, அந்த ஓ.பி. என்ன கிழமையில் நடக்கிறது? பெரிய ஆஸ்பத்திரிகளில் துறை வாரியாக ஓ.பி. நாட்கள் மாறுபடும். அது தெரியாமல் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்று திரும்புகிறவர்கள் நிறைய.

ஒரு ஃபைல் போடுங்கள். ஆன்டி ஹெச்.சி.வி. ரிப்போர்ட், கிடைத்தால் பழைய ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன், ஆதார் நகல் இரண்டு. இவற்றோடு அவர் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையே எடுத்துப் போங்கள். ‘சுகர் மாத்திரை, வெள்ளைக் கலர்’ என்று சொன்னால் டாக்டரால் எதுவும் செய்ய முடியாது. அட்டை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

கிருமி இருப்பது உறுதியானால் அடுத்த கேள்வி: கல்லீரல் சுருக்கம் இருக்கிறதா, இல்லையா? மருந்து எது என்பதும், பிறகு எவ்வளவு காலம் கண்காணிப்பு என்பதும் இதைப் பொறுத்தது. இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, பெயர் ‘ஏப்ரி’. நீங்களே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற அளவை அந்த லேப் தந்திருக்கும் மேல் வரம்பால் வகுங்கள், 100-ஆல் பெருக்குங்கள். பிறகு பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணு எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் எழுதி அதனால் வகுங்கள். எஸ்.ஜி.ஓ.டி. 80, மேல் வரம்பு 40, பிளேட்லெட் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ 40-ஆல் வகுத்தால் 2, அதை 100-ஆல் பெருக்கினால் 200. ஒரு லட்சம் என்பது நூறு ஆயிரம், ஆகவே 200-ஐ 100-ஆல் வகுத்தால் விடை 2. இரண்டோ அதற்கு மேலோ வந்தால் சுருக்கம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதே ஆளுக்கு எஸ்.ஜி.ஓ.டி. 48, பிளேட்லெட் 2.4 லட்சம் என்றால் விடை 0.5 தான். நம்மூர் லேப்களில் பிளேட்லெட்டை லட்சத்தில் அச்சடிப்பதால், 2.4 என்பதை அப்படியே போட்டு 50 என்று விடை வந்து அலறிப்போகிறவர்கள் உண்டு. 240 என்றுதான் போட வேண்டும். இந்தக் கணக்கு ஒரு அறிகுறிதான், தீர்ப்பு இல்லை. வயிற்று ஸ்கேன், ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவு, தேவைப்பட்டால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ஆனால் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் ‘சார், சுருக்கம் இருக்கா?’ என்று நேராகக் கேட்க முடியும். நெரிசலான ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைக்கிற சில நிமிடங்களில் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மருந்து விஷயத்துக்கு வருவோம். திட்டத்தின் முறைப்படி, சுருக்கம் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்லாட்டாஸ்விர் 60 மி.கி. தினம் ஒரு வேளை, 12 வாரம். சுருக்கம் இருந்தும் கல்லீரல் வேலை செய்துகொண்டிருந்தால் சோஃபோஸ்புவிரோடு வெல்பட்டாஸ்விர் 100 மி.கி., அதுவும் 12 வாரம். வயிற்றில் நீர், மனக்குழப்பம், ரத்த வாந்தி என்று நிலைமை முற்றியிருந்தால் ரிபாவிரின் என்ற மருந்தும் சேரும். அதைப் பெரிய மையங்களில் நிபுணர்தான் பார்க்க வேண்டும். 28 மாத்திரை கொண்ட டப்பா, மூன்று மாதத்துக்கு மூன்று டப்பா, மொத்தம் 84 நாள். முழுசாகச் சாப்பிட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். அடக்கிவைப்பது இல்லை, குணம். இந்த இரண்டு மருந்து முறைகளுமே எல்லா ஜீனோடைப்புக்கும், அதாவது இந்தக் கிருமியின் எல்லா மரபணு வகைகளுக்கும், வேலை செய்யும். ஆகவே தனியார் லேப்பில் யாராவது ஜீனோடைப் பரிசோதனைக்குப் பெரிய தொகை கேட்டால், அது இப்போது தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது அட்டைகள். அவர் கேஸுக்குச் சாப்பிடுவது பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வெல்பட்டாஸ்விர் உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்தால் மருந்து ரத்தத்தில் ஏறாமல் சிகிச்சை தோற்கலாம். சென்னையில் பாதிப் பேர் காலையில் எழுந்ததும் ஒரு ‘கேஸ் மாத்திரை’யைப் போட்டுக்கொண்டுதான் பல் துலக்குகிறார்கள். அதை மருந்து என்றே நினைப்பதில்லை, டாக்டர் கேட்டாலும் சொல்வதில்லை. அதனால்தான் அட்டையோடு போகச் சொன்னேன். சர்க்கரை மாத்திரையும் முக்கியம். கிருமி அழிய அழியச் சிலருக்குச் சர்க்கரை அளவு தானாக இறங்கும். பழைய அளவிலேயே மாத்திரை தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கலாம். முதல் சில வாரம் அடிக்கடி பரிசோதியுங்கள். வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரை கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இவற்றோடு இந்த மருந்துகள் ஆகாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிர் கொடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சிகிச்சைக்கு முன் ஹெபடைடிஸ் பி-க்கான ‘ஹெச்.பி.எஸ். ஏஜி’ பரிசோதனை எடுத்தார்களா என்றும் கேளுங்கள். பி கிருமியும் உள்ளே இருந்தால், சி போகும்போது பி தலைதூக்கும்.

ஒருநாள் மறந்துவிட்டால்: 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வேளையைத் தொடர வேண்டும். இரண்டு மாத்திரையாகச் சேர்த்துப் போடவே கூடாது. தலைவலியும் அசதியும் வரலாம், பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் அளவுதான். டப்பா தீர ஐந்தாறு நாள் இருக்கும்போதே அடுத்த டப்பாவுக்குப் போங்கள். கடைசி நாளன்று போய், அன்றைக்கு ஓ.பி. இல்லை என்றால் இடைவெளி விழும்.

சாப்பாட்டில் மஞ்சள் காமாலைப் பத்தியம் எல்லாம் வேண்டாம். உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல், முட்டை மீன் இல்லாமல் மூன்று மாதம் கஞ்சி குடித்தால் தசை கரையும். கல்லீரலுக்கு அது கெடுதல். வயிற்றில் நீர் இருப்பவருக்கு மட்டும்தான் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். கீழாநெல்லி இந்தக் கிருமியை அழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பெயர் தெரியாத சூரணமும் பஸ்பமும் கல்லீரலையே கெடுத்த கதைகள் உண்டு. குடியை மட்டும் முழுசாக நிறுத்த வேண்டும். இதில் ‘பீர்தானே’ என்ற சமரசமே கிடையாது. ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு, போட வேண்டுமா என்று கேளுங்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை.

எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். எந்தத் தகவலைப் படித்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள். சோஃபோஸ்புவிர் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2015-இல். அதற்கு முன்பு வாரா வாரம் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. காய்ச்சல், முடி உதிர்தல், மனச்சோர்வு எல்லாம் வரும். இத்தனை பாடு பட்டும் பலருக்குக் கிருமி போகாது. அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை இன்னும் இணையத்தில் உலவுகின்றன. ‘கொடுமையான சிகிச்சை, பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, லட்சக்கணக்கில் செலவு’ என்று நீங்கள் படித்திருந்தால் அது அந்தக் காலத்துச் சேதி. உறவினர் ஒருவர் 2010-இல் பட்ட பாட்டைச் சொல்லிப் பயமுறுத்தினாலும் அவர் பொய் சொல்லவில்லை, காலம்தான் மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஹெபடைடிஸ் சி பக்கமும், தேசியத் திட்டத்தின் இணையதளமும் நம்பகமானவை. மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று பார்க்க லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஹெபடைடிஸ் மருந்து இணையதளம் இலவசம். ஆங்கிலம்தான். பிள்ளைகளிடம் மாத்திரைப் பெயரைக் கொடுத்துத் தட்டச் சொன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்திலேயே காட்டிவிடும். சிவப்பு வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

‘எப்படி வந்தது?’ என்ற கேள்வி உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அது உறவையே அரித்துவிடும், அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானதே 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டது, ஒரே கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஊருக்கே போட்ட ஊசி, திருவிழாவில் ஒரே ஊசியால் குத்திய பச்சை, பல் பிடுங்கியது, டயாலிசிஸ், ஊசி வழிப் போதை என்று எதுவாகவும் இருக்கலாம். 30 வருடத்துக்கு முந்தைய தொற்றுக்கு இன்று வழி கண்டுபிடிக்க முடியாது. பல பேருக்குக் கடைசி வரை காரணம் தெரிவதே இல்லை. அவருடைய நடத்தைக்கு இந்த ரிப்போர்ட் சாட்சி இல்லை.

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்? சிகிச்சை தரும் டாக்டர், பல் டாக்டர், ஆபரேஷன் செய்பவர், நீங்கள். அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மருத்துவக் காப்பீடு புதிதாக எடுத்தால் மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பின்னால் க்ளெய்மை மறுப்பார்கள். அவர் தூங்காமல், பேசாமல், ‘நான் இருந்து என்ன’ என்ற மாதிரிப் பேசினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், நீங்களும் உங்களுக்காகப் பேசலாம். ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டாவது டப்பாவில் இருக்கிறவர் முதல் டப்பா வாங்க வந்தவருக்குச் சொல்லும் தைரியம் வேறு யார் சொன்னாலும் வராது.

ஆபரேஷனைப் பொறுத்தவரை, ஹெபடைடிஸ் சி இருப்பது மட்டுமே அதை மறுக்கக் காரணம் ஆகாது. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று இருப்பதாகவே கருதிப் பாதுகாப்போடு அறுவை செய்வதுதான் விதி. கல்லீரலின் நிலையைப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று தள்ளிவைத்திருந்தால் அது நியாயம். ‘பாசிட்டிவ், அதனால் முடியாது’ என்று சொல்லியிருந்தால், காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த வார்த்தையிலேயே பதில் மாறும். குடலிறக்கம் திடீரெனக் கெட்டியாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 வாரம் கழித்து இன்னொரு ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். அதில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணமானதாகக் கணக்கு. மாத்திரை முடிந்த சந்தோஷத்தில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் மாத்திரை போட்ட அன்றே நாள்காட்டியில் 24-வது வாரத்தைச் சுற்றிப் போட்டுவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வையுங்கள். ஏனென்றால் ஆன்டி ஹெச்.சி.வி. ஆயுசுக்கும் ‘ரியாக்டிவ்’ என்றுதான் வரும். நாளைக்கு வேறு எந்த லேப்பில் எடுத்தாலும் அதையே காட்டிப் பயமுறுத்துவார்கள். அப்போது பேசப்போவது இந்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்தான். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறார்கள் என்பதால், குணமானவர்களும் அங்கே சிக்கிக்கொள்கிறார்கள். உறவில் யாராவது அந்த நிலையில் இருந்தால் ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குணமான பிறகும் ரத்த தானம் செய்யக் கூடாது. ஒருமுறை வந்து போனதால் மறுபடி வராது என்ற பாதுகாப்பும் இல்லை. சுருக்கம் இருந்தவர் என்றால், கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும். கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறையுமே தவிர முழுசாக நீங்காது. அந்த ஸ்கேன் தேதியையும் அதே ஃபைலின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.